கைப்பேசியும் லினக்ஸ் கணினியும்: புளூடூத் வழி இணைப்பு

தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்குள் லினக்ஸ் இயங்குதளம் நுழைந்தது பெரும்பாலும் அரசுப் பள்ளிகளின் வழியேதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கிய கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது. இந்த பாஸ் லினக்ஸ், மைய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் முதலில் வெளியிட்ட இயங்குதளமாகும். காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியை நம்பிப் பயிர்த்தொழில் நடக்கும் தாமல் போன்ற ஊர்களில், மூத்த பிள்ளை பள்ளியில் பெற்று வந்த கணினி இளையவர் கைக்கு மாறி, இன்றும் வீட்டின் ஒரே கணினியாக இருந்து வருவது அரிதன்று.

அத்தகைய வீட்டில் கைப்பேசியையும் கணினியையும் இணைக்க வேண்டிய தேவை அன்றாடம் எழுகிறது. கைப்பேசியில் படமெடுத்த சாதிச் சான்றிதழையோ சிட்டா நகலையோ கணினிக்கு மாற்றி, அளவைக் குறைத்து, விண்ணப்பத்துடன் சேர்க்க வேண்டியிருக்கும்; கம்பிவழி இணையம் வராத வீட்டில் கைப்பேசியின் இணையத்தையே கணினிக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். யுஎஸ்பி கம்பி எளிய வழிதான் என்றாலும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கம்பிகளுள் பல மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படுபவை. தரவுக்கான இரண்டு இழைகள் அவற்றின் உள்ளே இருப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆயினும் அது இணையத்தைச் செலவழிப்பதோடு, படமாக அனுப்பப்படும் ஆவணத்தின் தெளிவையும் குறைத்துவிடுகிறது. இந்நிலையில் புளூடூத் செலவில்லாத நல்வழியாகும். லினக்ஸில் அது வேலை செய்யாது என்ற பேச்சு பழைய காலத்து அனுபவத்தின் மிச்சமேயன்றி இன்றைய நிலையன்று.

இணைப்பின் மூன்று அடுக்குகள்

புளூடூத் என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறுந்தொலைவு வானொலித் தொடர்பு. எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய இந்த முயற்சியை, 1998-இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி ஒரு பொதுத் தரமாக்கின. இதன் மரபான வடிவம் அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பகுத்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறியபடி பேசுகிறது. எந்தத் தடத்திற்கு எப்போது தாவுவது என்பது இணைந்துள்ள இரு கருவிகளும் சேர்ந்து பின்பற்றும் தனி ஒழுங்கில் நடைபெறுவதால், ஒரே அறையில் பல இணைப்புகள் ஒன்றையொன்று பெரிதும் குலைக்காமல் இயங்க முடிகிறது. கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றில் உள்ள வகை ஏறத்தாழ பத்து மீட்டர் எட்டக்கூடியது. இடையில் சுவர் வந்தால் அந்தத் தொலைவு குறையும்.

லினக்ஸில் இந்தத் தொடர்பு மூன்று அடுக்குகளில் அமைகிறது. முதலாவது, வானொலிச் சில்லும் அதனை இயக்கும் கெர்னல் பகுதியும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உட்கரு. இரண்டாவது, கைப்பேசியும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒரு கமுக்கத் திறவுகோலைப் பகிர்ந்துகொள்ளும் இணைசேர்ப்பு. பேர் செய்தல் என்று வழக்கில் சொல்லப்படுவது இதுவே. மூன்றாவது, அந்த இணைப்பின்மீது நடக்கும் சேவை: கோப்பு அனுப்புவது, இணையம் பகிர்வது, பாட்டுக் கேட்பது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் சேவை. இரண்டாம், மூன்றாம் அடுக்குகளைக் கவனிக்கும் மென்பொருள் புளூஇசட் எனப்படுகிறது. குவால்காம் நிறுவனத்தில் எழுதப்பட்டு 2001-இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்த அதனையே இன்று ஏறத்தாழ எல்லா மேசைக்கணினி லினக்ஸ் வெளியீடுகளும் பயன்படுத்துகின்றன.

இந்த அடுக்குப் பிரிவை மனத்தில் கொள்ளாமையே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். கோப்பு போகவில்லை என்றதும் இணைசேர்ப்பை நீக்கி மீண்டும் செய்து பார்ப்பது பயனர்களின் பொது வழக்கம். பழுது சேவை அடுக்கில் இருக்கும்போது நூறு முறை இணைசேர்த்தாலும் கோப்பு போகாது. எந்த அடுக்கு வரை சரியாக உள்ளது என்பதைக் கீழிருந்து மேலாகச் சோதித்து வருவதே முறையாகும்.

சில்லு இருக்கிறதா, விழித்திருக்கிறதா

அரசு வழங்கிய மடிக்கணினிகள் ஆண்டுதோறும் வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்டவை. எனவே ஒரு கணினியில் புளூடூத் உண்டா என்பதை அது வழங்கப்பட்ட ஆண்டைக் கொண்டு ஊகிப்பதைவிட நேரே சோதிப்பதே மேல். அமைப்புகள் பகுதியில் புளூடூத் என்ற பிரிவு தோன்றி, அதன் பொத்தான் இயங்கினால் முதல் அடுக்கு பெரும்பாலும் நலமாக உள்ளது என்று கொள்ளலாம். பிரிவு இருந்தும் பொத்தான் இயங்காவிட்டால் முனையத்தைத் திறக்க வேண்டும்; முனையம் என்பது கட்டளைகளை எழுத்தாகத் தட்டச்சு செய்யும் சாளரம். இந்த நூலில் கட்டளைகள் அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் தரப்படுகின்றன; தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும்.

முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையைத் தர வேண்டும். இது கணினியிலுள்ள ஒவ்வொரு வானொலிக் கருவியும் தடுக்கப்பட்டுள்ளதா என்பதைக் காட்டும். மென்தடை என்று காட்டினால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' என்ற கட்டளை அதனை நீக்கிவிடும். வன்தடை என்று காட்டினால் எந்தக் கட்டளையும் உதவாது, விசைப்பலகையில் விமானக் குறியிட்ட விசையையோ கணினியின் ஓரத்திலுள்ள சிறு நழுவுபொத்தானையோ தேட வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இந்தப் பொத்தான் தெரியாமல் நகர்ந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போவது உண்டு.

பட்டியலில் புளூடூத் கருவியே காணப்படாவிட்டால், சில்லு இல்லை என்றோ அதற்கான ஃபர்ம்வேர் இல்லை என்றோ பொருள். ஃபர்ம்வேர் என்பது சில்லு விழிக்கும்போது அதற்குள் ஏற்றப்பட வேண்டிய சிறு நிரல். தயாரிப்பாளர்கள் இதன் மூலநிரலைத் தருவதில்லை என்பதால் டெபியன் நெடுங்காலம் இதனைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்க மறுத்து வந்தது. 2022-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி அந்த நிலையை மாற்றிக்கொண்ட டெபியன், 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர்களைச் சேர்த்தே தருகிறது. கொள்கையில் சமரசம் என்று இதனைக் குறை கூறியவர்கள் உண்டு; ஆனால் இணையமில்லாத ஊரில் வைஃபையும் புளூடூத்தும் இயங்காத கணினியைப் பெற்றவருக்கு அந்தக் கொள்கையால் கிடைத்த நன்மை எதுவுமில்லை. எனவே பழைய பதிப்பு நிறுவப்பட்ட கணினியில் ஃபர்ம்வேரைத் தேடி அலைவதைவிட இயங்குதளத்தையே புதுப்பிப்பது குறைந்த உழைப்பில் முடியும்.

சில்லே இல்லாத கணினிக்கு யுஎஸ்பி துளையில் செருகும் புளூடூத் டாங்கிள் கடைகளில் கிடைக்கிறது. மிக மலிவான டாங்கிள்கள் கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ நிறுவனத்தின் சில்லு என்று தம்மைக் காட்டிக்கொண்டு, உள்ளே போலிச் சில்லைக் கொண்டிருப்பது வழக்கம். இவற்றைக் கண்டறிந்து சமாளிக்கும் நிரல்வரிகள் கெர்னலில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டு வந்தாலும், பழைய கெர்னலில் அவை முரண்டு பிடிக்கும். டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 துளையை விட்டு, வேறு துளையில் செருகுவது நல்லது. யுஎஸ்பி 3 கருவிகளும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியுள்ளது.

இணைசேர்ப்பு

கைப்பேசியில் புளூடூத் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது மட்டுமே பிற கருவிகளின் கண்ணுக்குத் தென்படுகின்றன. கணினியிலும் அதேபோல் அமைப்புகளில் புளூடூத் பிரிவைத் திறந்தால் சிறிது நேரத்தில் கைப்பேசியின் பெயர் பட்டியலில் வரும். அதன்மீது சொடுக்கியதும் இரு திரைகளிலும் ஒரே ஆறிலக்க எண் தோன்றும். இரண்டும் ஒன்றே என்பதைப் பார்த்த பின்னரே இரு பக்கமும் ஒப்புதல் தர வேண்டும். 2007-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து நடைமுறையிலுள்ள இந்த ஒப்பீடு, இடையில் வேறொருவர் புகவில்லை என்பதற்கான உறுதியாகும். அதற்கு முந்தைய காலத்தில் 0000, 1234 போன்ற எண்களே எங்கும் திறவுகோலாக இருந்தன.

பட்டியலில் பெயர் வராமலோ, வந்தும் இணையாமலோ போனால் 'புளூடூத்சிடிஎல்' என்ற கட்டளை கைகொடுக்கும். சி, டி, எல் ஆகிய மூன்று எழுத்துகளையும் புளூடூத் என்ற சொல்லோடு இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். உள்ளே நுழைந்ததும் 'பவர் ஆன்', 'ஏஜென்ட் ஆன்', 'ஸ்கேன் ஆன்' என்று வரிசையாகத் தந்தால், அருகிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றாக ஒரு நீண்ட முகவரியோடு திரையில் வரும். அந்த முகவரி, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதப்பட்ட பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்தது. கைப்பேசியின் முகவரியைக் கண்டுகொண்டு, 'பேர்' என்ற சொல்லையும் அந்த முகவரியையும் தந்தால் இணைசேர்ப்பு தொடங்கும். முகவரியின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பிவிடும். இறுதியாக 'டிரஸ்ட்' என்ற சொல்லோடு அதே முகவரியைத் தர வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். இணைசேர்ப்பு என்பது அறிமுகம் மட்டுமே. இந்தக் கைப்பேசி கேட்கும் சேவைகளை ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்காமல் அனுமதிக்கலாம் என்று கணினிக்குச் சொல்வது 'டிரஸ்ட்'. பழைய நூல்களில் காணப்படும் 'எச்சிஐடூல்' முதலிய கட்டளைகள் புளூஇசட்டின் ஐந்தாம் வரிசையில் கைவிடப்பட்டவை. அவற்றைப் பின்பற்றிக் குழம்ப வேண்டியதில்லை.

கோப்பும் இணையமும்

கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படம் அனுப்ப, படத்தைத் திறந்து பகிர் பொத்தானை அழுத்திப் புளூடூத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கினோம் மேசைச்சூழலில் ஒரு மறைவான நிபந்தனை உண்டு: அமைப்புகளின் புளூடூத் பிரிவு திரையில் திறந்திருக்கும் வரையில்தான் கணினி கோப்புகளை ஏற்கும், சாளரத்தை மூடியதும் ஏற்பதும் நின்றுவிடும். கோப்பு மறுக்கப்பட்டது என்று கைப்பேசி சொல்லும்போது பயனர் இணைசேர்ப்பைச் சந்தேகிப்பார்; சாளரத்தைத் திறந்து வைத்தாலே காரியம் முடிந்திருக்கும். வந்த கோப்புகள் பதிவிறக்கங்கள் கோப்புறையில் சேரும். புளூமேன் என்ற தனிச் செயலியை நிறுவிக்கொண்டால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. எடை குறைந்த மேசைச்சூழல்களுக்கும் அதுவே ஏற்றது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பயன்படாது, ஏனெனில் புளூடூத்தின் பொதுவான கோப்புப் பரிமாற்றச் சேவையை ஐபோன் ஆதரிப்பதில்லை.

வேகத்தைப் பற்றி அளவான எதிர்பார்ப்பு வேண்டும். மரபான புளூடூத்தின் மேம்பட்ட வடிவம் நொடிக்கு ஏறத்தாழ 2.1 மெகாபிட் வரை தரவல்லது; நடைமுறையில் நொடிக்கு 200 கிலோபைட் கிடைத்தால் நன்று. 4 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் இருபது நொடியில் வந்துவிடும்; நூறு படங்களுக்கு அரை மணி நேரத்திற்கு மேலாகும்; 700 மெகாபைட் திரைப்படத்திற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கைப்பேசிப் பெட்டியின்மேல் புளூடூத் 5 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு வேகம் கூடும் என்று எண்ணுவது தவறு. அந்தப் பதிப்பின் வேகப் பெருக்கம் கைக்கடிகாரம் போன்றவற்றுக்கான குறைமின் வகைக்கு உரியது, கோப்புகளோ இன்னும் மரபான வகையிலேயே பயணம் செய்கின்றன. ஆவணங்களுக்கும் சில படங்களுக்கும் புளூடூத், காணொளிக்குக் கம்பி என்று வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இணையப் பகிர்வில் புளூடூத்தின் அருமை பலரால் உணரப்படவில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வசதி வைஃபை வழியே வேகமாக இணையம் தந்தாலும் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். புளூடூத் பகிர்வு அதைவிடக் குறைவான மின்சாரத்தில் நடக்கிறது. இதற்குக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே உள்ள புளூடூத் டெதரிங் என்ற பொத்தானை இயக்க வேண்டும். அதன் பின்னர் கணினியின் வலையமைப்புப் பட்டியலில் கைப்பேசியின் பெயர் ஓர் இணைப்பாகத் தோன்றும். புளூமேனில் கைப்பேசியின் பெயர்மீது வலச்சொடுக்கினாலும் அதே தெரிவு கிடைக்கும். கைப்பேசியை அணைத்து இயக்கிய பின் டெதரிங் பொத்தானை மறுபடியும் இயக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மின்னஞ்சல், கல்லூரி விண்ணப்பம், தேர்வு முடிவு போன்ற எழுத்து மிகுந்த பக்கங்களுக்கு இந்த வேகம் போதும். யூடியூப் பாடங்களுக்குப் போதாது.

கைப்பேசியின் பாட்டைக் கணினியின் ஒலிபெருக்கியில் கேட்பதும் இயலும். பைப்வயர் என்ற ஒலி மென்பொருளைக் கொண்ட புதிய வெளியீடுகளில் இணைத்தவுடன் ஒலி வரும். பல்ஸ்ஆடியோ உள்ள பழையவற்றில் அதன் புளூடூத் துணைப்பொதியைத் தனியே நிறுவ வேண்டும்.

இரட்டை இயங்குதளத்தின் தனிச் சிக்கல்

அரசு மடிக்கணினிகள் போன்று இரு இயங்குதளங்களைக் கொண்ட கணினிகளுக்கு உரிய ஒரு சிக்கலை இங்கு விரிவாகக் கூற வேண்டும். பாஸ் லினக்ஸில் கைப்பேசி நன்கு இணைகிறது. மறுநாள் விண்டோஸில் கணினியைத் திறந்தால் இணைய மறுக்கிறது. அங்கே நீக்கிவிட்டுப் புதிதாக இணைசேர்த்தால், அடுத்து லினக்ஸில் மறுக்கிறது. லினக்ஸ் பழுதடைந்துவிட்டது என்று முடிவு கட்டப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் இரு இயங்குதளங்களிலும் எந்தப் பழுதும் இல்லை.

இணைசேர்ப்பின்போது 128 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோல் உருவாகி, கைப்பேசியிலும் கணினியிலும் சேமிக்கப்படுகிறது. கைப்பேசி கணினியை அதன் புளூடூத் சில்லின் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. விண்டோஸானாலும் லினக்ஸானாலும் சில்லு ஒன்றே, முகவரியும் ஒன்றே. ஆகவே கைப்பேசியின் நோக்கில் இரண்டும் ஒரே கணினி, அதற்கு ஒரே திறவுகோல். விண்டோஸில் புதிதாக இணைசேர்த்ததும் கைப்பேசி பழைய திறவுகோலை அழித்துப் புதியதை வைத்துக்கொள்கிறது. லினக்ஸின் கையில் எஞ்சுவது செல்லாத திறவுகோல். பாதுகாப்பு விதி அதனை மறுக்கச் சொல்கிறது, கைப்பேசி மறுக்கிறது.

இதற்குத் தீர்வு இரு தளங்களிலும் ஒரே திறவுகோலை வைப்பது. முதலில் லினக்ஸிலும் அடுத்து விண்டோஸிலும் இணைசேர்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் கைப்பேசியில் நிலைப்பது கடைசியாக உருவான திறவுகோலே. பின்னர் லினக்ஸுக்குத் திரும்பி, விண்டோஸின் பதிவேட்டுக் கோப்பை 'சிஎச்என்டிபிடபிள்யூ' என்ற கருவியால் திறந்து, பிடிஹெச்போர்ட் என்ற பகுதியின் கீழுள்ள கீஸ் பிரிவில் கைப்பேசியின் முகவரிக்கு நேரே இருக்கும் 32 எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். லினக்ஸில் வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் புளூடூத், அதற்குள் கணினிச் சில்லின் முகவரி, அதற்குள் கைப்பேசியின் முகவரி என்று இறங்கிச் சென்றால் இன்ஃபோ என்ற கோப்பு இருக்கும். நிர்வாகி உரிமையோடு அதனைத் திறந்து, லிங்க்கீ என்ற பத்தியில் கீ என்பதற்கு எதிரேயுள்ள பழைய எழுத்துகளை நீக்கி, புதியவற்றை இடைவெளியின்றிப் பெரிய எழுத்துகளில் இட வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் புளூடூத்' என்ற கட்டளையால் சேவையை மறுபடி தொடங்கியதும் இரு தளங்களிலும் கைப்பேசி இணையும். பதிவேட்டைப் படிக்க மட்டுமே வேண்டும். அதில் எதையும் எழுதிச் சேமித்துவிடக் கூடாது. விண்டோஸை முழுமையாக அணைத்த பிறகே இதனைச் செய்ய வேண்டும் என்பதும் கட்டாயம், ஏனெனில் விரைவுத் தொடக்க வசதியால் அரைத்தூக்கத்தில் விடப்பட்ட விண்டோஸ் வட்டைத் தொடுவது கோப்புகளுக்குக் கேடு.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. லினக்ஸில் வேலை செய்யும்போது மட்டும் தனி டாங்கிள் ஒன்றைச் செருகிக்கொண்டால் அதற்குத் தனி முகவரி இருக்கும். கைப்பேசி அதனை வேறொரு கணினியாகக் கருதி இரண்டு திறவுகோல்களையும் வைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பும் உதவியும்

2017 செப்டம்பரில் வெளிப்பட்ட புளூபோர்ன் என்ற குறைபாட்டுத் தொகுதி, இணைசேர்க்காத கருவியையும் தாக்க முடியும் என்பதைக் காட்டியது. லினக்ஸ் கெர்னலும் புளூஇசட்டும் அதில் தப்பவில்லை. திருத்தங்கள் உடனே வந்துவிட்டன என்றாலும், வழங்கப்பட்ட நாளுக்குப் பின் ஒருமுறையும் புதுப்பிக்கப்படாத கணினியில் அந்தத் திருத்தம் இருக்காது. அத்தகைய கணினியில் புளூடூத்தை வேலை முடிந்ததும் அணைத்துவிடுவதே தகும். கைப்பேசியை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, கணினியில் 'புளூடூத்சிடிஎல்' உள்ளே 'ரிமூவ்' என்ற சொல்லையும் அதன் முகவரியையும் தந்து பதிவை நீக்கிவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத சிக்கலுக்குத் தமிழிலேயே உதவி கேட்கும் இடங்கள் உள்ளன. காஞ்சிபுரத்தைச் சார்ந்து இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழிக் கூட்டங்களை நடத்தி வருகிறது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதி வருகிறது. கேள்வியை அனுப்பும்போது இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், கைப்பேசியின் மாடல், 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளையும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் புளூடூத்' கட்டளையும் தந்த வெளியீடு ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இன்ஃபோ கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் எவருக்கும் அனுப்பக் கூடாது. அதில் இருப்பது கைப்பேசியின் திறவுகோல்.